இடது கதவின் பதினோரு ஆணிகள்

கண்புரை அறுவைக்குப் பிறகு நான் பேப்பர் படிக்கக் கூடாது என்று மருமகள் தடை போட்டிருக்கிறாள். நாற்பது நாள் பொறுக்க வேண்டுமாம். ஊரில் உள்ள பெண்களை எல்லாம் ‘நாற்பது நாள் குனியாதே, வெயிலில் போகாதே’ என்று முப்பத்தைந்து வருஷம் மிரட்டியவள் நான். அந்தப் பாவம்தான் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை இணைப்பை மட்டும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்ப் படிக்கிறேன்.

போன வாரம் அதில் பாதிப் பக்கத்துக்கு ஒரு கார் படம். பச்சை நிறம். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய இங்கிலாந்துப் பந்தயக் கார். பக்கத்தில் ஒரு இளைஞன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கார் தனக்குப் பிறந்தது மாதிரி நிற்கிறான். ‘தொழிற்சாலையை விட்டு வந்த அன்று எப்படி இருந்ததோ, இன்றும் அப்படியே!’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வயது எழுபத்து நான்கு. முழங்கால் இரண்டும் உட்காரும்போதும் எழும்போதும் சத்தம் போடுகின்றன. பல்லில் பாதி சொந்தம், பாதி வாங்கியது. பிறந்த அன்று எப்படி இருந்தாயோ அப்படியே ஆக்குகிறேன் என்று யாராவது என்னிடம் வந்தால், வேண்டாம் சாமி, அன்றைக்கு எனக்கு நடக்கவே தெரியாது என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

படத்தை மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன். கண்ணுக்காகத்தான். ஆனால் பாருங்கள், அச்சு மை வாசனையைத் தாண்டி எனக்குப் பினாயிலும் மண்ணெண்ணெயும் ஈரச் சாக்கும் கலந்த ஒரு வாசனை வந்தது. அந்தக் காரின் உண்மையான வாசனை அதுதான். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

நான் பண்ருட்டிப் பக்கத்துப் பெண். நர்ஸ் வேலைக்கு வந்த புதிதில் மேலதிகாரி ஒருவரிடம் வாயைக் கொடுத்தேன். அவர் என் வாய்க்குத் தகுந்த இடமாகக் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார். அங்கே நான் எவ்வளவு கத்தினாலும் கீழே கேட்காது. எண்பதுகளின் தொடக்கம். ஓடு போட்ட இரண்டு அறை, ஊசியைக் கொதிக்க வைக்க ஒரு ஸ்டவ், குழந்தையை நிறுக்க ஒரு தராசு, இவைதான் என் ஆஸ்பத்திரி. சாதாரணப் பிரசவம் என்றால் நானே பார்த்துவிடுவேன். சிக்கல் என்றால் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோக வேண்டும். பஸ் ஒன்று வரும், அதாவது வந்தால் வரும். மற்றபடி டோலிதான். ஒரு மூங்கில் கம்பு, அதில் கட்டிய கெட்டிப் போர்வை, தோள் மாற்ற நாலு ஆள். நானும் பின்னாலேயே ஓடியிருக்கிறேன். அந்த முழங்கால்தான் இன்றைக்குச் சத்தம் போடுகிறது.

நான் போய்ச் சேர்ந்து மூன்றாவது மாதம் தருமனைத் தெரிந்துகொண்டேன். மலைக்காரர், அப்போது ஐம்பது இருக்கும். அதிகம் பேச மாட்டார். அவரிடம் ஒரு வண்டி இருந்தது. மலையில் எல்லோரும் அதைப் ‘பிளசர்’ என்றார்கள். முதல் தடவை பார்த்தபோது அது என்ன பிராணி என்றே எனக்குப் புரியவில்லை. முன்பாதி கார், பின்பாதி மாட்டுவண்டி.

அது மலைக்கு வந்த கதையே ஒரு கூத்து. ஜாகீர்தார்கள் மலையை ஆண்ட காலத்தில் அங்கே வசதியாக இருந்த ஒருவர், ஊருக்குத் திரும்பிப்போன ஒரு காப்பித் தோட்டத்து வெள்ளைக்காரனிடமிருந்து அதை வாங்கினாராம். வாங்கும்போது மலைக்குச் சாலையே கிடையாது என்பதை அவர் பெரிதாக நினைக்கவில்லை. காரைப் பகுதி பகுதியாகக் கழற்றிக் கம்பில் கட்டி ஆட்கள் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். வாலிபனாக இருந்த தருமன் தூக்கியது முன் சக்கரம் ஒன்று. மேலே கொண்டுபோய் மாட்டி, இருந்த ஒரே சமதரையில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக ஓட்டி மகிழ்ந்திருக்கிறார் அந்த மனிதர். ஜாகீர் போனது, அவரும் போனார், கார் ஒரு கடுக்காய் மரத்தடியில் நின்றது. அதற்குள் சாலை வந்தது. தருமனும் கீழே லாரிப் பட்டறை ஒன்றில் பத்து வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

வந்தவர் அந்தக் காரை மனிதனுக்குப் பயன்படுகிற மாதிரி ஆக்கினார். தரையோடு தரையாகக் கிடந்ததை ஏலத்தில் வந்த ஜீப் ஸ்பிரிங் பட்டைகளைப் போட்டு முழ உயரம் தூக்கினார். பின்னால் இருந்த தகட்டை அறுத்தெடுத்து, மாட்டுவண்டிப் பலகை பொருத்தினார். டிரைவருக்குப் பக்கத்து ஸீட்டைக் கழற்றிவிட்டு, அங்கிருந்து பின்பலகை வரைக்கும் கயிற்றுக் கட்டில் பின்னினார். ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். பெட்ரோல் டாங்கி ஒரு மண்ணெண்ணெய் டின். ரேடியேட்டர் ஒழுகினால் அடைக்க மஞ்சள்தூள். ஹாரன் மட்டும் ஏதோ பழைய பஸ்ஸிலிருந்து வந்தது. அதை அமுக்கினால் எதிரே வருகிற மாடு ஒதுங்கும், கட்டிலில் படுத்திருக்கிற பெண்ணுக்கு வலி கூடும். அதை அமுக்காதீங்க என்று நான் கத்துவேன். ஒவ்வொரு வளைவிலும் அவர் அமுக்குவார். கட்டிலுக்கு அடியில் சாக்கு, அதன்மேல் நான் தெளித்த பினாயில்.

எல்லாப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பொறுமையாக வருவதில்லை. சிலது மலையடிவாரத்துப் பரிகம் இறக்கத்திலேயே அவசரப்பட்டுவிடும். அப்படி வண்டியிலேயே பிறந்து, தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தால், தருமன் மறுநாள் ஒரு பித்தளைக் குமிழ் ஆணியை எடுத்து, இடது கதவை ஒட்டிய மரச்சட்டத்தில் அடிப்பார். அந்தக் காருக்கு உள்ளெலும்பு எல்லாம் மரம்தான். இங்கிலாந்துக்காரன் அப்படித்தான் செய்திருந்தான். இது மலை வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள், தருமனின் சொந்த வழக்கம். ஏன் என்று கேட்டதற்கு, பிறந்த இடத்துக்கு ஒரு அடையாளம் வேண்டாமா என்றார். பிறப்புப் பதிவேட்டில் இடம் என்ற கட்டத்தில் நான் ‘வழியில்’ என்று எழுதுவேன். அதைவிட அவருடைய ஆணி மேல் என்று எனக்கும் தோன்றியது.

பதினோராவது ஆணி பொன்னிக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு அடித்தது. பொன்னிக்கு அப்போது பத்தொன்பது வயது. வலியிலும் என்னைக் கிண்டல் செய்கிறவள். “நீ கத்துற கத்துல புள்ள பயந்துகினு உள்ளயே பூந்துக்கப் போவுது நர்ஸம்மா” என்றாள். பரிகத்துக்கு மேலே இரண்டாவது வளைவில் குழந்தை பிறந்தது. தையல் போட வேண்டியிருந்ததால் அப்படியே கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அந்த வாசலில்தான் கோதண்டராமன் எங்களைப் பார்த்தார். எங்களை என்று சொல்வது தப்பு. வண்டியைப் பார்த்தார்.

கோதண்டராமனுக்குக் கள்ளக்குறிச்சியில் ரைஸ் மில். நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனசு வருமோ வராதோ. கோயிலுக்குக் கொடுப்பார், பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பார், யார் வந்தாலும் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுப்பார். சென்னையில் காலேஜில் படித்தபோது யாரோ ஒரு பணக்கார வீட்டுப் பையன் இந்த மாதிரிக் கார் ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்து ஏங்கியிருக்கிறார். அந்த ஏக்கத்தைப் பதினைந்து வருஷம் வேட்டி மடிப்புக்குள் வைத்திருந்தவர், அன்று உறவுக்காரர் யாரையோ பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். என் கையில் ஒரு மணி நேரக் குழந்தை. கட்டிலில் பொன்னி. அவர் வெள்ளை வேட்டியோடு மண்ணில் மல்லாந்து, வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டார்.

வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. “இது இன்னா வண்டின்னு தெரியுமா உங்களுக்கு?” என்றார்.

“பிரசவ வண்டி” என்றேன்.

தலையில் அடித்துக்கொண்டார். இப்படிப்பட்ட வண்டியை இப்படிச் செய்துவிட்டார்களே என்று அவர் புலம்பியதைக் கேட்டவர்கள், உள்ளே அவருடைய சொந்தக்காரர் தவறிவிட்டார் என்று நினைத்து ஆறுதல் சொல்ல வந்தார்கள்.

அடுத்த வாரமே மலைக்கு வந்துவிட்டார். கையில் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம். அந்தக் காரின் ஒவ்வொரு திருகாணியையும் படம் போட்டுக் காட்டிய கம்பெனிப் புத்தகம். மற்றவர்கள் ‘முருகா’ என்று பெருமூச்சு விடுகிற இடத்தில் அவர் ‘ஒரிஜினல்’ என்பார். அவர் தருமனிடம் போகவில்லை, என்னிடம் வந்தார். காரைக் கொடுத்தால் பதிலுக்கு நல்ல ஜீப் தருகிறேன், படுக்க வசதி செய்து தருகிறேன், டீசலும் என் பொறுப்பு, நீங்கள் சொன்னால் தருமன் கேட்பார் என்றார். காப்பி கொடுக்க என்னிடம் பால் இல்லை. ஆனால் சம்மதம் இருந்தது. ஜீப் என்றதும் என் மூளை அங்கேயே நின்றுவிட்டது. டோலிக்குப் பின்னால் ஓடியவளுக்கு ஜீப் என்றால் புஷ்பக விமானம் அல்லவா?

தருமனிடம் நான்தான் பேசினேன். அரைநாள் பேசினேன். மஞ்சள்தூளில் ஓடுகிற வண்டியை எத்தனை நாள் நம்புவது, நாளைக்கு பிரேக் போனால் தாய் பிள்ளை நர்ஸ் எல்லோரும் பள்ளத்தில் என்று பயமுறுத்தினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஜீப்பு நல்லதுதாம்மா. அது யாரு பேர்ல இருக்கும்?”

பெரிய மனுஷர், வாக்குக் கொடுத்திருக்கிறார், பேரில் என்ன இருக்கிறது என்றேன். பத்தாவது வரைக்கும் படித்தவள், நர்ஸ் டிரெயினிங் முடித்தவள், ஆஸ்பத்திரித் துணியைக்கூடக் கையெழுத்து வாங்காமல் கொடுக்க மாட்டேன். ஆனால் அன்றைக்கு ஒரு மலையின் பிரசவத்தை வாய் வார்த்தைக்குக் கொடுத்தேன். இதை நான் யாரிடமும் நகைச்சுவையாகச் சொல்வதில்லை. உங்களிடம் சொல்லும்போதுகூட எனக்கு ஆத்திரம் என்மேல்தான் வருகிறது.

ஜீப் வந்தது. ஒரு வருஷத்துக்கும் மேலே அருமையாக ஓடியது. தருமன்தான் ஓட்டினார். அதில் பிறந்த குழந்தைகளுக்கு ஆணி அடிக்க மரம் இல்லை, எல்லாம் இரும்பு.

மாதக் கூட்டத்துக்குக் கள்ளக்குறிச்சி வரும்போதெல்லாம் நான் மில்லுக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்குப் போய்ப் பார்ப்பேன். வேடிக்கைதான். அங்கே காரைக் கழற்றிப் பாய்மேல் பரப்பியிருப்பார்கள். கோதண்டராமன் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பார். தருமன் போட்டதெல்லாம் ஒரு மூலையில் குவியலாகக் கிடக்கும். பட்டை, பலகை, கட்டில், பஸ் ஹாரன். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் வேப்பிலையை மென்ற மாதிரி ஆகும்.

காரின் பழைய நிறம் என்ன என்று கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆயிற்று. மேலே தருமன் அடித்த கேட் பெயிண்ட். அதைச் சுரண்டினால் நீலம். அதற்கடியில் சிவப்பு. இதுதான் ஒரிஜினல் என்று சிவப்பைத் தொட்டுக் கும்பிட்டு, அதே சிவப்பில் ஒரு கதவு முழுக்க அடித்தும் விட்டார்கள். அப்புறம் இங்கிலாந்திலிருந்து கடிதம் வந்தது, சிவப்பு என்பது துருப்பிடிக்காமல் இருக்க முதலில் அடிக்கிற பூச்சு, நிறம் பச்சை என்று. திருகாணித் தலையில் உள்ள கோடுகள் எல்லாம் ஒரே திசையில் நிற்க வேண்டும் என்று இரண்டு ஆட்கள் ஒரு வாரம் திருகினார்கள். எங்கள் மலையில் அப்போது ஒரு ரத்த அழுத்தக் கருவிகூடக் கிடையாது. நான் கேட்டிருந்தால் வாங்கிக் கொடுத்திருப்பார். வண்டியைப் பார்த்த வாய்ப் பிளப்பில் எனக்குக் கேட்கவே தோன்றவில்லை.

மரவேலைக்கு வந்தவர் ஆறுமுக ஆசாரி. கள்ளக்குறிச்சியில் மரத்தில் சாமி செதுக்குகிற கை. சாமி வாகன வேலை, தேர் வேலை எல்லாம் தெரிந்தவர். அவருக்குக் காருக்குள் போகிற மரம் ஏன் மொழுக்கென்று இருக்க வேண்டும் என்பது கடைசி வரைக்கும் புரியவில்லை. முன்பலகைக்குக் கீழே சின்னதாக ஒரு தாமரை செதுக்கிவிட்டார். கோதண்டராமன் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தாமரை இல்லை என்று இழைத்துத் தள்ளச் சொன்னார். ஆசாரி இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை.

மரச்சட்டங்களில் இடது கதவுப் பக்கம் மட்டும் கெட்டியாக இருந்தது. வலது பக்கம் செல்லரித்துப் போனதால் புதிதாகச் செய்தார்கள். அடுத்த மாதம் நான் போனபோது கோதண்டராமன் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். இடது சட்டத்தில் பதினோரு பித்தளை ஆணிகள். வலது சட்டத்தில் பளபளவென்று இன்னொரு பதினொன்று. இங்கிலாந்துக்காரன் வேலை நேர்த்தியைப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில்கூட அலங்காரம் என்றார். புத்தகத்தில் இது இல்லையே என்று முதலில் அவருக்கும் சந்தேகம்தானாம். ஆசாரிதான் தீர்த்து வைத்திருக்கிறார்.

“ஒரு பக்கம் ஆணி இருந்துச்சின்னா மறுபக்கமும் இருந்தே தீரணும்ங்க” என்றார் ஆசாரி. “துவாரபாலகர் ஒருத்தர் மட்டும் நிப்பாரா? செஞ்சவன் சாஸ்திரம் தெரிஞ்சவன்.”

முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம், ஐயா, இது இங்கிலாந்து இல்லை, பரிகம் இறக்கம் என்று. சொல்லவில்லை. இவ்வளவு படித்த மனிதர் இவ்வளவு பெரிய புத்தகத்தை வைத்துக்கொண்டு ஏமாறுவதைப் பார்க்க எனக்கு ருசியாக இருந்தது. மலைக்குப் போய்த் தருமனிடம் சொல்லி, அவரையும் சிரிக்க வைத்தேன்.

வண்டி முடிந்தது. கம்பி வீல், தோல் ஸீட், பச்சை பெயிண்ட், அழகாகத்தான் இருந்தது. கண்ணைக் குத்தினாலும் அதை மறுக்க முடியாது. ஒரு நல்ல நாள் பார்த்து மில்லிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓட்டினார்கள். வழியில் ஒரு பள்ளம். தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றைய உயரத்துக்கு இறக்கிவிட்டார்கள் அல்லவா, வயிறு தட்டி நின்றுவிட்டது. மில் மூட்டைக்காரர்கள் நாலு பேர் வந்து தூக்கிவிட்டார்கள். அது மலைக்கு மட்டுமல்ல, கள்ளக்குறிச்சிக்கே தகாத வண்டியாகிவிட்டது என்று அன்றைக்குத் தெரிந்தது.

சென்னையில் பழைய கார்களுக்கு ஒரு கண்காட்சி நடந்தது. இங்கிலாந்திலிருந்தே, அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரர் மார்க் போட வருகிறார் என்றார்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு போக முடியாது, டிரெய்லரில் ஏற்றி இழுக்க வேண்டும். இழுப்பதற்கு ஜீப் வேண்டும். கோதண்டராமனிடம் இருந்த ஜீப் எங்கள் ஜீப்தான். ஆள் அனுப்பினார். பத்து நாளில் திரும்பி வந்துவிடும் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார்கள். தருமன் சாவியைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

ஆறாவது நாள் காலையில் பொன்னிக்கு வலி வந்தது. இரண்டாவது பிள்ளை, மாதம் முடியவில்லை. குழந்தை குறுக்கே திரும்பியிருந்ததை என் கை கண்டுபிடித்தது. பஸ் அன்று வரவில்லை. மூங்கிலை வெட்டினார்கள், போர்வையைக் கட்டினார்கள். தருமன் முன்கம்பைப் பிடித்தார். வழியில் ரத்தம் நிற்கவில்லை. என்னிடம் இருந்த ஊசியைப் போட்டேன், துணியை வைத்து அழுத்திக்கொண்டே ஓடினேன். அன்றைக்கு அவள் கிண்டல் எதுவும் செய்யவில்லை. தாகம் என்றாள், பிறகு குளிர் என்றாள். பரிகத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு வளைவில் இறக்கி வைத்துக் கையை விட்டுத் திருப்பிக் குழந்தையை எடுத்தேன். ஆண் குழந்தை, அழுதது. பொன்னி அதைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. உச்சி வெயிலுக்கு முன்னால் அவள் போய்விட்டாள். ஜீப் இருந்திருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் பெரியாஸ்பத்திரி வாசலில் இருந்திருப்போம்.

பத்து நாள் கழித்து மாதக் கூட்டம். கோதண்டராமன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனேன். மேசைமேல் வெள்ளிக் கோப்பை, ஒரு தட்டு நிறைய லட்டு. முதல் பரிசு. ஆனால் அவர் முகத்தில் பரிசு வாங்கிய களை இல்லை. வெள்ளைக்காரர் டார்ச் விளக்கும் சின்னக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்துவிட்டு, கதவுச் சட்டத்தில் வந்து நின்றிருக்கிறார்.

“ரெண்டு மார்க்கு போச்சு நர்ஸம்மா” என்றார். “எங்க கம்பெனி எந்தக் காலத்திலயும் ஆணி அடிச்சதில்லேன்னுட்டான். ராத்திரி தூக்கமே வரல.”

நான் சொன்னேன். இடது பக்கம் இருப்பது வண்டியில் பிறந்த பதினோரு பிள்ளைகள். வலது பக்கம் இருப்பது உங்கள் ஆசாரியின் சாஸ்திரம்.

“மொதல்லியே சொல்லியிருக்கலாம்ல?” என்றார். குரலில் உண்மையான வேதனை, இரண்டு மார்க்குக்கு.

அப்போதுதான் பொன்னி செத்ததைச் சொன்னேன். எந்தப் பொன்னி என்று கேட்டார்.

“நீங்க அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல வண்டிக்கு அடியில பூந்துகினு இருந்தீங்களே, அப்ப மேல படுத்துகினு இருந்தாளே, அவ.”

அவர் உட்கார்ந்துவிட்டார். லட்டுத் தட்டை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். அன்று சாயங்காலமே ஜீப்பைத் தருமன் பேருக்கு மாற்ற ஆளை அனுப்பினார், டீசலுக்கும் ஏற்பாடு செய்தார். அதில் குறை சொல்ல மாட்டேன். அந்த ஜீப் அப்புறம் பல வருஷம் ஓடியது. ஆனால் நான் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து, செருப்பைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஒரு வார்த்தை கேட்டார். அடுத்த வருஷமும் கண்காட்சி இருக்கிறதாம். அந்த ஆணிகளைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டார்.

அவரைத் திட்டுவதற்கு என்னிடம் பண்ருட்டிச் சொற்கள் நிறைய இருந்தன. ஆனால் காரைக் கொடுக்கச் சொன்னவள் நான், ஆணியைப் பார்த்துச் சிரித்தவள் நான். தருமனைக் கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

தருமன் வந்தார். கொட்டகையில் ஆசாரி குறட்டோடு தயாராக இருந்தார். தருமன் அதை வாங்கிக்கொண்டு, தானே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடது சட்டத்தில் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மரத்துக்குக் காயம் படாமல் பிடுங்கினார். பதினொன்றையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். வலது பக்கம் பதினொன்று இருக்கிறதே என்று கோதண்டராமன் சுட்டிக் காட்டினார்.

“அது எங்க புள்ளைங்க இல்லிங்க” என்றார் தருமன்.

குறட்டை ஆசாரி கையில் கொடுத்துவிட்டு, காருக்கு ஒரு பார்வைகூடக் கொடுக்காமல் கிளம்பினார். அடுத்த வருஷம் அதற்கு முழு மார்க் கிடைத்தது. ஓட்டைகளை அடைத்த இடம் தெரியவில்லையாம். கோதண்டராமன் போய்ச் சேர்ந்துவிட்டார். படத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பவன் அவர் மகன்.

மலைக்குத் திரும்பிய தருமன் வீடு வீடாகப் போனார். அந்தந்தப் பிள்ளை இருக்கிற வீட்டு வாசல் நிலையில் ஒவ்வொரு ஆணியாக அடித்தார். பொன்னி வீட்டில் அவளுடைய மாமியார் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். மூத்தவளுக்கு ஒன்று அடித்தார். சின்னவனுக்கு என்று அந்த அம்மா கேட்கவில்லை, ஆனால் நிலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தருமன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை, ஆள் சோர்ந்துவிட்டார் என்று யாரிடமோ தண்ணீர் கேட்டுக் கத்தினேன். அவர் இறந்தும் இருபது வருஷம் ஆகிறது.

கண் அறுவைக்கு முன்னால், போன தை மாதம், எதற்கோ மனசு கேட்காமல் பஸ் ஏறி வெள்ளிமலைக்குப் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்து அந்த ஊருக்குப் போனேன். இப்போது சாலை வழவழவென்று இருக்கிறது. கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வருகிறது. டோலி கட்டத் தெரிந்தவர்களே இல்லை, அது ஒன்றாவது தொலைந்ததே என்று மனசார மகிழ்ந்தேன். பழைய வீடுகள் இருந்த இடத்தில் எல்லாம் கான்கிரீட் வீடு, தகரக் கதவு. பொன்னியின் மகள் வெளியே மரவள்ளி நறுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். அம்மாவின் அதே வாய். “இன்னா நர்ஸம்மா, கத்தாம வந்து நிக்கிற?” என்றாள்.

பழைய வாசல் நிலை எங்கே என்று கேட்டேன். வீடு இடித்தபோது கீழே இருந்து பழைய மரம் வாங்குகிறவர்கள் லாரியோடு வந்தார்களாம். புதுச்சேரியில் பெரிய பெரிய ஹோட்டல்களில் இப்போது இதைத்தான் கேட்கிறார்களாம், ஊர் முழுக்க நிலை, கதவு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

“எங்க வூட்டு நெலைய ரொம்ப நேரம் தடவித் தடவிப் பாத்துகினு இருந்தாங்க” என்றாள். “ஆணி ஒரிஜினலான்னு ரெண்டு தபா கேட்டாங்க. நான் பொறந்ததுக்கு அடிச்சதுன்னு சொன்னேன். அதக் கேக்கல, ஒரிஜினலான்னுதான் கேட்டோம்னாங்க.”

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

ஆமான்னேன் என்றாள், மரவள்ளித் தோலைத் தள்ளிக்கொண்டே. அந்தப் பதினொன்றில் ஒன்றுகூட இப்போது மலையில் இல்லை.